ஆறு பைற்றுக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள்

போன மாரியில் அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கியபோது ஒரு பிஸ்கட் ரின் அகப்பட்டது. உள்ளே என் ஏ.எல். காலத்துப் புளொப்பிகள். வீடு கல்லடியில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்த ஈரக்காற்றில் இரும்பே உக்குகிறது, புளொப்பி எம்மாத்திரம்? காந்தத் தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். ஒன்றும் வாசிபடவில்லை. ஆனால் மேலுறைகளில் என் கையெழுத்தில் இருந்த பெயர்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையொன்றில் ‘விங் கொமாண்டர்’ வாங்கினேன். 1990இல் வந்த விண்வெளிச் சண்டை விளையாட்டு அது.

அக்காவின் மகன் பத்தாம் வகுப்பு. விளையாட்டைத் தொடங்குமுன் அமைப்புகளை ஒருக்கால் துழாவி, வேகம் என்று கண்ட இடத்தில் உச்சத்தைப் போட்டுவிட்டான். கூடினால் நல்லதுதானே என்ற எண்ணம். எதிரிக் கப்பல் ஒரு பொட்டாகத் தெரிந்தது, மறு கணம் திரையை அடைத்தது, அதற்கு அடுத்த கணம் எங்கள் சவ அடக்கம் நடந்துகொண்டிருந்தது.

“என்ன மாமா இது, தொடங்க முந்தியே செத்துட்டன்!”

காரணத்தைச் சொல்ல நான் கூத்துக்குப் போனேன். வடமோடிக் கூத்து ஆடுபவரின் கால் மத்தளத்துக்குக் கட்டுப்பட்டது. கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியார் அடியை விரைவாக்கினால் அரசனும் விரைய வேண்டும், மந்திரியும் விரைய வேண்டும். ‘நான் என் கடிகாரப்படி ஆடுவேன்’ என்று எவரும் நிற்க முடியாது. அந்தக் காலத்து விளையாட்டுகள் பல இப்படித்தான் எழுதப்பட்டன. ஒரு படத்தை வரை, கப்பலைக் கொஞ்சம் நகர்த்து, மறுபடி வரை, மறுபடி நகர்த்து. செக்கனுக்கு எத்தனை தடவை இது நடக்கும் என்பதைத் தீர்மானித்தது புரொசசரின் வேகம் மட்டுமே. எழுதியவர்கள் தங்கள் மேசையில் இருந்த கணினியில் ஆடிப் பார்த்து, ‘சரி, இந்த ஓட்டம் போதும்’ என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களை மடையர்கள் என்று சொல்லிவிட வேண்டாம். ஐபிஎம் கணினியில் கடிகாரத் துடிப்பு இயல்பாகச் செக்கனுக்கு 18.2 தடவைதான் வந்தது. சண்டைக்காட்சிக்கு அது மிகவும் பருமனான அளவுகோல். அந்தத் துடிப்பை விரைவாக்க வழி இருந்தது, ஆனால் வேலை கூட. தவிர, 1981இல் 4.77 மெகாஹேர்ட்ஸில் தொடங்கிய குடும்பம் ஆயிரக்கணக்கில் போகும் என்று யார் நினைத்தார்கள்? கணினிப் பெட்டிகளின் முகப்பில் ‘ரேர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது ஞாபகமா? வேகமூட்டவென்று பெயர். உண்மையில் பலருக்கு அது பயன்பட்டது பழைய மென்பொருளுக்காகக் கணினியின் வேகத்தைக் குறைக்கத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல்கள் சில, 200 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய கணினிகளில் ஏறியதும் ‘பிழை 200’ என்று சொல்லிப் படுத்துவிடும். தொடக்கத்திலேயே அவை ஒரு கடிகாரத் துடிப்புக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். ஏனென்றால் ஒரு துடிப்புக்குச் சுமார் 55 மில்லிசெக்கன். கணினி விரைவானபோது விடை, அதற்கென ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. கணக்கில் பிழையில்லை, பாத்திரம்தான் சிறிது.

இப்போது இவற்றை ஓட்டித் தருவது டொஸ்பொக்ஸ் என்ற எமுலேற்றர். எமுலேற்றர் என்றால் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி. இன்றைய 64 பிற் விண்டோஸ் பழைய 16 பிற் நிரல்களை நேரடியாக ஓட்டாது. அதனால் டொஸ்பொக்ஸ் பழைய புரொசசர், பழைய ஒலியட்டை, பழைய திரை எல்லாவற்றையும் மென்பொருளாலேயே நடிக்கிறது. அதன் அமைப்புகளில் ‘சைக்கிள்ஸ்’ என்று ஒரு எண் இருக்கிறது. ஒரு மில்லிசெக்கனில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதே அது. 3000 என்று வைத்தால் செக்கனுக்கு 30 இலட்சம் கட்டளைகள். அதை முடித்துவிட்டு, அடுத்த மில்லிசெக்கன் வரும்வரை பொய்க் கணினி சும்மா இருக்கும். கொன்ட்ரோல் விசையோடு எஃப் 11 தட்டினால் வேகம் குறையும், எஃப் 12 தட்டினால் கூடும். மருமகன் எஃப் 11ஐத் தட்டிக்கொண்டே வந்து, கப்பல் கப்பலாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினான். அண்ணாவியார் வேலை அவன் கைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட அந்தப் படம் பழைய மொனிட்டரில் 4க்கு 3 என்ற வடிவில் நிரம்பியது. புள்ளிகள் ஒவ்வொன்றும் சற்று நெட்டையானவை. இன்றைய திரையின் சதுரப் புள்ளிகளில் அப்படியே போட்டால் கிரகம் கல்லில் ஊற்றிய தோசைமா மாதிரிப் பக்கவாட்டில் பரந்துவிடும். விகிதத் திருத்தம் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் உருண்டையாகிவிடும்.

சண்டை அவ்வளவுதான். என் மனம் எப்போதும் கிடந்தது வியாபாரத்தில்.

‘எலீற்’ என்ற விண்வெளி வியாபார விளையாட்டு 1984இல் வந்தது. டேவிட் பிறேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதியது. 2 மெகாஹேர்ட்ஸில் ஓடும் 6502 புரொசசர், 32 கிலோபைற்று நினைவகம். இன்று வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. அந்த இடத்துக்குள் திரைக்கும் பங்கு கொடுத்து, முப்பரிமாணக் கப்பல்கள், சண்டை, சந்தை, அத்துடன் எட்டு விண்மீன் மண்டலங்கள். மண்டலத்துக்கு 256 வீதம் 2048 கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், அரசாங்கம், பொருளாதாரம், சனத்தொகை. பெயருக்கு மட்டும் எட்டு எழுத்து என்று வைத்தாலும் 2048 பெயர்களுக்கு 16 கிலோபைற்று போய்விடும். பாதி நினைவகம்!

அவர்கள் அந்தப் பட்டியலை எங்குமே எழுதி வைக்கவில்லை. மருதமுனைத் தறியில் நெய்பவரிடம் முழுச் சாறனின் படம் இருப்பதில்லை. பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்ற ஒழுங்கு இருக்கிறது. அது தெரிந்தால் எவ்வளவு நீளமும் நெய்யலாம். எலீற்றிடம் இருந்த ஒழுங்கு மூன்றே மூன்று எண்கள்: 23114, 584, 46931. எண்ணுக்கு இரண்டு பைற்று, மொத்தம் ஆறு பைற்று. அப்புறம் ஒரு கூட்டல் விதி. மூன்றையும் கூட்டு, முதலாவதைக் கழற்றி எறி, கூட்டுத்தொகையைக் கடைசியில் வை. தொகை 65536ஐத் தொட்டால் அந்தளவைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள். வயலில் நெல்லைச் சாக்கில் கட்டும்போது, நிறைந்த சாக்கைத் தைத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடியில் மிஞ்சியதை மட்டும் அளப்பது போல. இரண்டு பைற்று என்றால் 16 பிற்று, அதாவது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் 16 இடங்கள். அதற்குள் கூட்டினால் இந்தக் கழித்தல் தானாகவே நடந்துவிடும், அதற்கென்று ஒரு கட்டளையும் தேவையில்லை.

கையாலேயே செய்து பார்க்கலாம். 23114 + 584 + 46931 = 70629. 65536ஐக் கழித்தால் 5093. இப்போது கையில் இருப்பவை 584, 46931, 5093. மறுபடி கூட்டினால் 52608. அடுத்தது 46931 + 5093 + 52608 = 104632, கழித்தால் 39096. சரி, இந்த எண்களை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி எண்ணை 256ஆல் வகுத்து முழு ஈவை எடு. அதை 32ஆல் வகுத்து மீதியைப் பார். 46931 தருவது 183, மீதி 23. 5093 தருவது 19, மீதியும் 19. 52608 தருவது 205, மீதி 13. 39096 தருவது 152, மீதி 24.

23, 19, 13, 24. விளையாட்டுக்குள் ஆங்கில எழுத்துச் சோடிகளின் சிறு அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் 23ஆவது ‘ரி’, 19ஆவது ‘பெ’, 13ஆவது ‘டி’, 24ஆவது ‘எட்’. சேர்த்தால் ரிபெடியெட். முதல் மண்டலத்தின் முதல் கிரகம் அதுதான். (இந்தியாவில் எழுதுபவர்கள் டிபெடியெட் என்று எழுதுவார்கள், முதல் எழுத்துக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் தெரியாது. நம்மூர் ரகரத்துக்கு இப்படியும் ஒரு பயன்.) பெயருக்கு நான்கு சோடியா மூன்றா என்பதையும் எண்ணே சொல்கிறது. கிரகத்தின் மூன்று எண்களில் முதலாவதின் கீழ்ப் பைற்றில், அதாவது 256ஆல் வகுத்து வரும் மீதியில், 64க்குரிய பிற் ஏற்றப்பட்டிருந்தால் நான்கு, இல்லாவிட்டால் மூன்று. 23114இன் கீழ்ப் பைற்று 74. அதற்குள் 64 இருக்கிறது, ஆகவே நான்கு. அதே எண்களின் வேறு பிற்றுகளைப் பார்த்தால் அரசாங்கம் வரும், வேறு சில பொருளாதாரத்தைச் சொல்லும்.

நான்கு தடவை கூட்டிச் சுழற்றினால் அடுத்த கிரகத்தின் எண்கள் தயார். அடுத்த மண்டலத்துக்குப் போவது இன்னும் எளிது. தொடக்க எண்களின் ஒவ்வொரு பைற்றையும் ஒரு பிற் இடப்புறமாகச் சுழற்ற வேண்டும், அவ்வளவே. பைற்றுக்கு எட்டுப் பிற்று. எட்டாவது சுழற்சியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். மண்டலங்கள் எட்டு என்பதன் காரணம் அதுதான். எண்கள் தாறுமாறாகத் தெரிந்தாலும் இதில் குருட்டு அதிர்ஷ்டம் எதுவுமில்லை. கல்லடியில் கூட்டினாலும் கேம்பிரிட்ஜில் கூட்டினாலும் அதே ரிபெடியெட்தான்.

சந்தை விலையும் இப்படித்தான். உணவுக்கு அடிப்படை எண் 19. பணக்கார தொழிற்சாலைக் கிரகம் தரம் 0, ஏழை விவசாயக் கிரகம் தரம் 7. தரம் ஒவ்வொன்றுக்கும் 2ஐக் கழித்து, அதிர்ஷ்டத்துக்கென்று 0 அல்லது 1ஐக் கூட்டி, 4ஆல் பெருக்கி, 10ஆல் வகுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் லேவ் கிரகம் தரம் 5. 19இல் 10 போக 9, பெருக்கினால் 36, தொன் ஒன்றுக்கு 3.6 கிரெடிற். அதே உணவு தரம் 0இல் 7.6. கப்பல் ஆரம்பத்தில் கொள்வது 20 தொன், கையில் 100 கிரெடிற். லேவில் 72க்கு ஏற்றி அங்கே 152க்கு இறக்கினால் இலாபம் 80. வழியில் கொள்ளைக்காரர் மறிக்காவிட்டால்தான்! அம்பாறை நெல்லைக் கொழும்புக்கு லொறியில் ஏற்றும் முதலாளிக்கு இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரேயொரு கழித்தல், அதிலிருந்து மொத்த வணிகமும் கிளம்பிவிடுகிறது. பின்னாளில் வந்த பெரிய விளையாட்டுகளில் கேள்வியும் நிரம்பலும் என்று நுணுக்கமான சந்தைகள் உண்டு. எனக்கென்னவோ இந்த ஏழைச் சூத்திரத்தில் கிடைத்த வியாபாரப் பித்து அவற்றில் கிடைக்கவில்லை.

திரையில் கோடு வரைவதிலும் ஒரு கெட்டித்தனம். கப்பல் நகர்ந்ததும் பழைய கோடுகளை அழிக்க வேண்டும், ஆனால் பின்னால் இருந்த நட்சத்திரத்தைக் கெடுக்கக் கூடாது. கோடு போகும் வழியில் புள்ளி இருட்டாக இருந்தால் வெளிச்சமாக்கு, வெளிச்சமாக இருந்தால் இருட்டாக்கு என்று வரைந்தார்கள். அதே கோட்டை இரண்டாம் தடவை வரைந்தால் எல்லாம் பழையபடி. வரைவதற்கும் அழிப்பதற்கும் ஒரே துண்டு நிரல்.

இன்று இதை ஆட மூன்று வழி. எமுலேற்றரில் அன்றைய விளையாட்டையே ஓட்டலாம். இயன் பெல் பழைய பதிப்புகள் பலவற்றைத் தன் இணையத்தளத்தில் தரவிறக்கத் தந்திருக்கிறார். ‘ஊலைற்’ என்ற இலவச விளையாட்டு அதே எட்டு மண்டலங்களை வைத்துக்கொண்டு இன்றைய கணினிக்கெனப் புதிதாக எழுதப்பட்டது. எமுலேற்றரே தேவையில்லை, கிராமத்துப் பாடசாலைக் கணினியிலும் ஓடும். அப்புறம் பிறேபனின் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘எலீற் டேஞ்சரஸ்’. நமது பால்வெளியின் அளவிலேயே 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். அதுவும் பெரும்பாலும் விதிகளால் முளைப்பதுதான். நல்ல கணினி வேண்டும், நல்ல இணையமும் வேண்டும். எனக்கு ஊலைற் போதும்.

அன்று பின்னேரம் இடிமழை, கரண்ட் போய்விட்டது. மருமகன் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டாவது கிரகத்தைப் போட ஆரம்பித்தான். நான்காவது கூட்டலில் அவனுக்கு வந்தவை 52608, 39096, 31261. 52608இன் கீழ்ப் பைற்று 128. அதில் 64க்குரிய பிற் இல்லை, ஆகவே மூன்று சோடி. 31261இல் மீதி 26, அட்டவணையில் ‘க்யு’. அடுத்த எண் 57429, மீதி 0. திகைத்துப்போய் என்னைப் பார்த்தான்.

“சைபருக்கு எழுத்து இல்லை மகன். விட்டுட்டுப் போ.”

அடுத்தது 62250, மீதி 19, மறுபடி ‘பெ’. க்யு, பெ. ஆங்கிலத்தில் வாசித்தால் கியூப் என்று ஏதோ வரும். பிழைத்துவிட்டது என்று அழிக்கப் போனவனைத் தடுத்தேன். எட்டு மணிபோல கரண்ட் வந்தது. இரவுச் சோற்றுக்கு அக்கா கூப்பிட்டதும் காதில் விழாமல், விண்மீன் வரைபடத்தைத் திறந்து பெயரைத் தட்டித் தேடினான். குறுக்குக் கோடு ஒரு புள்ளியில் போய் நின்றது. கீழே அந்த நான்கு எழுத்துகள்.

“இருக்கு மாமா,” என்றான். கொப்பியில் மூன்றாவதைத் தொடங்கிவிட்டான்.