வெளிமூச்சில் இருக்கிறது சூட்சுமம்

கணக்குத் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் அந்தக் குழந்தையின் தோள்கள் காதருகே ஏறிவிடுகின்றன. பென்சிலை இறுக்கிப் பிடித்ததில் விரல்நுனிகள் வெளுத்துவிட்டன. மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது. நேற்று கடகடவென ஒப்பித்த வாய்ப்பாடு நினைவுக்கு வர மறுக்கிறது. "பதறாதே" என்று சொல்லி என்ன பயன்? பதற்றம் குழந்தையைக் கேட்டுக்கொண்டா வந்தது?

மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. ஆபத்தை உணர்வதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. துரத்துவது நாயா, தேர்வுத் தாளா என்று ஆராய அது காத்திருப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. இதை நிதானப்படுத்த வேண்டிய முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறத்தாழ 25 வயதாகிவிடும். எட்டு வயதுக் குழந்தையிடம் பெரியவர்களின் நிதானத்தை எதிர்பார்ப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

இதயத்துக்கு நாம் நேரடியாகக் கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு நம் சொல் கேட்கும். அமைதியாக உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டபடி மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரையும், விடுகையில் தணியும். மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை இது. வெளிமூச்சின்போது அது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. எனவே வெளிமூச்சு நீள நீள, துடிப்பு தணிந்திருக்கும் நேரமும் நீள்கிறது. சிறுவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும்.

"மூச்சை நீட்டி விடு" என்றால் சின்னக் குழந்தைக்குப் பிடிபடாது. "வண்டு மாதிரி ரீங்காரம் செய்" என்றால் உடனே செய்யும். பிராமரி பிராணாயாமம் என்னும் யோக மூச்சுப் பயிற்சியின் அழகே அதுதான்: ரீங்காரம் செய்ய வேண்டுமானால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டாக வேண்டும்.

விருட்சாசனத்தில் வேறொன்று நடக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் தசைகள் ஓயாமல் தம்மைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. பார்வை அலைந்தால் உடல் ஆடுகிறது. ஒரு புள்ளிக்குத் திரும்பினால் நிலைக்கிறது. கவனம் சிதறியதைக் கண்டுகொண்டு திரும்ப அழைத்து வருவதுதான் மைண்ட்ஃபுல்னஸ். அதைக் குழந்தை இங்கே காலாலேயே கற்றுக்கொள்கிறது.

இவையெல்லாம் சர்வரோக நிவாரணி என்று நம்பிவிடக் கூடாது. பிரிட்டனில் 8000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. பள்ளிகள் வழக்கமாக நடத்தும் சமூக, உணர்வு நலப் பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்புகள் கூடுதல் பலன் தந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடரவும் இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நீச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால் நீச்சல் வருமா?

மனம் தெளிவாக இருக்கும் வேளையில், நாளுக்கு இரண்டு மூன்று நிமிடமாவது, ஆசிரியரும் கூடவே செய்து பழக்க வேண்டும். சண்டை போட்ட பிள்ளையை மூலையில் உட்காரவைத்து "மூச்சுப் பயிற்சி செய்" என்றால், அடுத்த நாளிலிருந்து அதற்கு அது தண்டனையின் பெயர். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். துயரங்களைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு மூடிய கண்ணுக்குள் அச்சம் காத்திருக்கலாம். அது தரையைப் பார்த்துக்கொண்டே ரீங்காரம் செய்யட்டும்; வேகஸ் நரம்புக்குக் கண் திறந்திருப்பது ஒரு தடையே இல்லை.