ஒருங்கிணைந்த தரவா, ஒருங்கிணைத்த தரவா?

பெங்களூரு அல்சூரில் சேலைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி அனுப்பிய கொட்டேஷனைக் காட்டினார். மாதக் கட்டணத்துக்குக் கீழே ‘இன்டக்ரேட்டட் டேட்டா அனலிட்டிக்ஸ்’ என்று தனி வரி, தனித் தொகை. “இது என்னண்ணா, இதுக்கு எதுக்குத் தனியா காசு?” என்று கேட்டார். என் வேலையே அதுதான் என்பதால் கேட்டார். அலுவலகத்தில் தினமும் சொல்கிற சொற்கள்தான். ஆனால் அவருக்குத் தமிழில் பிரித்துச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இதில் எது உண்மையான வேலை என்பது எனக்கும் துலங்கியது.

முதலில் டேட்டா. பேச்சில் அது இன்டர்நெட் பேக். ‘டேட்டா தீர்ந்துபோச்சு’ என்கிறோம். சொல்லின் மூலத்தில் பொருள் வேறு. லத்தீனில் ‘டாரே’ என்றால் தருதல், ‘டேட்டம்’ தரப்பட்டது, அதன் பன்மைதான் டேட்டா. தமிழின் ‘தரவு’ம் ‘தா’ என்ற வினையிலிருந்து வருகிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். இங்கே கன்னட நண்பர்கள் எழுதும் ‘தத்தாம்ச’ என்ற சொல்லில் உள்ள ‘தத்த’வுக்கும் தரப்பட்டது என்றே பொருள். மூன்று மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்கிறது தொல்காப்பியம். கேட்பவர் தாழ்ந்தவர் என்றால் ஈ, உயர்ந்தவர் என்றால் கொடு, ‘தா’ மட்டும் ஒப்போன் கூற்று. சமமான ஒருவரிடம் கேட்டு வாங்குவதுதான் தரவு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் பெறுவதை அடிப்படையாக வைத்திருக்கிறது. சேலை வந்து சேரட்டும் என்று ஒரு அம்மா தந்த போன் நம்பரை, அவரைக் கேட்காமல் விளம்பரப் பட்டியலில் ஏற்றினால் அது தரவு இல்லை, எடுப்பு.

அனலிட்டிக்ஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘அனா’, ‘லூசிஸ்’ இரண்டும் சேர்ந்து முடிச்சை முழுக்க அவிழ்த்தல் என்ற பொருள் தரும். நம் பகுப்பாய்வு பகுப்பும் ஆய்வும் சேர்ந்த சொல். ஆய்வு என்றதும் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருகிறது. ஆனால் வீட்டில் கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தல்தான். ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல் நூற்பா. உள்ளது நுணுகுவது என்று பொருள். பழுத்த இலை, புல், வேர்மண் எல்லாம் தனித்தனியாகப் போனால்தான் கீரை. பகுப்பாய்வியல் என்று நீட்டுவதும் உண்டு. அது படிப்புக்கான பெயராக இருக்கட்டும். கடையில் நடக்கிற வேலைக்குப் பகுப்பாய்வு போதும்.

இனி இன்டக்ரேட்டட். ‘இன்டிஜர்’ என்றால் லத்தீனில் தொடப்படாதது, அதனால் குறையாதது, முழுமை. பலவற்றைச் சேர்த்து முழுமையாக்குவது இன்டக்ரேட் செய்வது. இதற்கு எங்கும் ‘ஒருங்கிணைந்த’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான். இணைந்த என்பது தன்வினை. தானாகவே சேர்ந்துகொண்டது போல ஒலிக்கிறது. இணைத்த என்பது பிறவினை. இணைத்தவர் ஒருவர் இருக்கிறார். விளம்பரத் தொழிலில் தரவு எதுவும் தானாக இணைவதில்லை.

நண்பரின் கடைக்கு ஒரு மாதத்தில் 70 ஆன்லைன் ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்தால் 45 ஆர்டர் தன்னால் வந்தது என்கிறது. இன்ஸ்டாகிராம் பக்கம் 40 என்கிறது. கூட்டினால் 85. இரண்டும் பொய் சொல்லவில்லை. ஜெயநகரில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் சேலையைப் பார்க்கிறார். இரண்டு நாள் கழித்துக் கடைப் பெயரை கூகுளில் தேடி, மேலே வந்த விளம்பரத்தைத் தட்டி வாங்குகிறார். ஒரே சேலை, இரண்டு கணக்கிலும் வரவு.

அப்புறம், அந்த 70-ல் 15 பார்சல் திரும்பி வருகிறது. கேஷ் ஆன் டெலிவரி; வீட்டு வாசலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இது கூரியர்காரரின் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். விளம்பரக் கணக்குக்கு யாரும் சொல்லாவிட்டால் தெரியாது. இரண்டு விளம்பரக் கணக்கு, கடை பில், கூரியர் பட்டியல் நான்கையும் ஆர்டர் எண்ணை வைத்து இணைத்துப் பார்த்தால், திரும்பிய 15-ல் 12 ஒரே ‘பாதி விலை’ விளம்பரத்தில் வந்தவை என்று தெரியக்கூடும். விளம்பரக் கணக்கில் முதலிடத்தில் மின்னிய விளம்பரம் அதுவாகவே இருக்கும். அதற்கு இன்னும் பணம் கொட்டலாம் என்று முடிவெடுத்திருந்தால் கடை தாங்காது.

இணைப்பது சின்ன வேலையும் இல்லை. ஆள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று தெரிய, விளம்பர லிங்க்கின் வாலில் யுடிஎம் என்ற குறி சேர்ப்பார்கள். அந்த ‘யு’ அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயர். 2005-ல் கூகுள் அதை வாங்கிய பிறகு உருவானதுதான் கூகுள் அனலிட்டிக்ஸ். அந்தக் குறியில் ஒருவர் ‘இன்ஸ்டா’ என்றும் இன்னொருவர் ‘இன்ஸ்டாகிராம்’ என்றும் எழுதினால் அறிக்கையில் இரண்டு ஊர் ஆகிவிடும். ஒரே போன் நம்பர் ஓரிடத்தில் +91 போட்டும் இன்னோரிடத்தில் 0 போட்டும் கிடந்தால் ஒரே ஆள் இரண்டு ஆள். யாராவது உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும். அந்த உழைப்பு ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லில் தெரியவே தெரியாது. ‘ஒருங்கிணைத்த’ என்றால் யார் இணைத்தது, எதை எதோடு என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

கேம்பெய்ன் பற்றியும் நண்பர் கேட்டார். படைகள் குளிர்காலம் முடிந்து திறந்த வெளிக்குக் கிளம்புவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது. வயல்வெளி என்பதுதான் அடிப்பொருள். பரப்புரை என்று தாராளமாகச் சொல்லலாம். டிஜிட்டலை நான் டிஜிட்டல் என்றே விடுகிறேன். எண்மம் என்ற சொல் அழகுதான், கடைத்தெருவுக்கு வரும்போது வரட்டும்.

கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, நண்பர் தன் கையால் எழுதினார்: ‘கூகுள், இன்ஸ்டாகிராம், கடை பில், கூரியர் ரிட்டர்ன் நான்கையும் மாதாமாதம் ஒருங்கிணைத்த தரவுப் பகுப்பாய்வு.’ அதைப் போட்டோ எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பினார். கூரியர் பட்டியலை எந்தத் தேதிக்குள் தர முடியும் என்று கேட்டு அன்று மாலையே பதில் வந்தது.