தேவை 2, மாத்திரை 1500: வைட்டமின் பி12 கணக்கு எங்க இடிக்குது?

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். வீட்ல எல்லாரும் சுத்த சைவம், அப்பாவுக்கு பாதம் மதமதன்னு இருக்குன்னு டெஸ்ட் எடுத்தா பி12 ரொம்ப கம்மி, ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம் போதும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, ஆனா டாக்டர் எழுதின மாத்திரை அட்டையில 1500 மைக்ரோகிராம்னு இருக்கே, இது ஓவர்டோஸ் இல்லையான்னு.

இல்லைங்க. பி12ஐ செடியும் செய்யாது மாடும் செய்யாது, பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்கள் மட்டும்தான் செய்யும். மாட்டு வயித்துல அது செய்யுறதுல கொஞ்சம் பாலுக்கு வருது. நம்ம பெருங்குடல்லயும் அந்த மாதிரி பாக்டீரியா இருக்கு, ஆனா பி12ஐ உறிஞ்சுற இடம் சிறுகுடலோட கடைசிப் பகுதி, பெருங்குடலுக்கு முன்னாடியே வந்துட்டு போயிடுது, அதனால அங்க செஞ்சது அப்படியே வெளிய போகுது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பி12 தனியா குடலுக்குள்ள போனா யாரும் கதவு தொறக்க மாட்டாங்க. இரைப்பைச் சுவர்ல சுரக்குற இன்ட்ரின்சிக் ஃபேக்டர்னு ஒரு புரதம் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகணும், சிறுகுடலோட கடைசிப் பகுதில வாசக் காவல் மாதிரி இருக்குற ரிசெப்டார் அந்த ஜோடியப் பாத்தாதான் உள்ள விடும். இத எப்படி கண்டுபுடிச்சாங்க தெரியுமா, 1920கள்ல பாஸ்டன்ல வில்லியம் காசில்னு ஒரு டாக்டர், மாட்டுக்கறிய தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வாந்தி எடுத்து, அத பி12 உள்ள ஏறாம ரத்தசோகை வந்த நோயாளிகளுக்கு ட்யூப் வழியா குடுத்தார்! வெறும் கறி குடுத்தப்ப தேறாதவங்க இதுல தேறினாங்க. இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதுக்கு கையெழுத்து போடாது.

அந்த ரிசெப்டார் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் வரைக்கும்தான் தாங்கும், அப்புறம் ஹவுஸ்ஃபுல். மீதி இருக்குறதுல சுமார் 1 சதவீதம் மட்டும் எந்தத் துணையும் இல்லாம தானா கசிஞ்சு உள்ள போகும். 1500ல அது 15, அவ்ளோதான் கணக்கு. கூடுதலா ரத்தத்துக்கு வந்தாலும் பெரும்பாலும் யூரின்ல போயிடும்.

பழைய சோத்துல பி12 கொட்டிக் கிடக்குன்னு ஃபார்வர்ட் வருதே, பழைய சோறு எனக்கும் உசிரு, ஆனா அத நம்பி மாத்திரைய நிறுத்தாதீங்க. ரத்தசோகைக்குக் குடுக்குற இன்னொரு பி வைட்டமினான ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா போடுறதும் வம்பு, ரத்தசோகை சரியான மாதிரி காட்டும், உள்ள நரம்பு பாட்டுக்கு கெட்டுட்டே இருக்கும். அப்பா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறாரான்னும் பாருங்க, அதுவும் பி12ஐ கொறைக்கும். டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க.