4294967297: 641 எங்கே ஒளிந்திருந்தது?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது 2³² + 1. இதைப் பகா எண் என்று நம்பியவர் சாதாரண ஆள் இல்லை, பிரெஞ்சுக் கணித மேதை பியர் டி ஃபெர்மா.

2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 போட்டு, வரும் விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். வரிசை இப்படியே போகும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா கடிதங்களில் எழுதினார். நிரூபணம் அவரிடம் இல்லை. வரிசையில் ஆறாவதாக வருவதுதான் நம் எண். 1732-இல் கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

நேர்வழியில் தேடுவதென்றால் 65536 வரை உள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். எதற்கு அவ்வளவு பாடு? காரணி எங்கே இருக்க முடியும் என்பதை இந்த எண்ணின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

p இதன் பகாக் காரணி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ p-ஆல் வகுக்கும்போது மீதி −1, அதாவது மீதியில்லாமல் வகுபட 1 குறைகிறது. வர்க்கப்படுத்தினால், 2⁶⁴-க்கு மீதி 1. மீதி 1 முதன்முதலில் வரும் அடுக்கு 64-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க முடியும். 64-க்கு முன்பே அது வந்திருந்தால், 32-ஐயும் அந்த எண் வகுக்கும்; 32-வது அடுக்கிலும் 1 வந்தாக வேண்டும். ஆனால் அங்கே −1 அல்லவா இருக்கிறது! ஆகவே 64 அடுக்குகளுக்கு ஒருமுறைதான் மீதி 1 வரும். சரி, p−1-வது அடுக்கிலும் மீதி 1 என்கிறது ஒரு தேற்றம். அதனால் p−1 என்பது 64-இன் மடங்கு. இத்தனைக்கும் அந்தத் தேற்றம் ஃபெர்மாவுடையதே. கருவி அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

இனி 64-இன் மடங்குகளோடு 1 கூட்டி, அவற்றில் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது!

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் எதுவும் போடாமலே காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. அப்புறம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆக மீதிக் கணக்கில் 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால், −2³²-க்கு மீதி 1. 2³² + 1 மீதியில்லாமல் வகுபட்டுவிட்டது. நான்கு வரியில் 10 இலக்க எண் ஒன்று விழுந்துவிடுகிறது.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. அடுக்கு 2²⁴ ஆக உள்ள எண்ணுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள். அது பகு எண் என்று 1999-இல் கணினி உறுதிசெய்தது. ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுக்கு 2³³ ஆகும்போது இலக்கங்களே சுமார் 258 கோடி. அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதே தெரியாது.