ஸ்டாம்ப் சட்டம், 1765: அமெரிக்கக் குடியேற்றங்களில் யார் எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது, ஏன் அது போரில் முடிந்தது

பத்திரம் எழுத முத்திரைத்தாள் வாங்குவது நமக்குப் பழகிய செலவு. பிரிட்டனிலும் 1694 முதலே அந்த வழக்கம் உண்டு. அதையே தன் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் நீட்டியதுதான் ஸ்டாம்ப் சட்டம். 1765 மார்ச் 22-ல் ஒப்புதல் பெற்று நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படையின் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களே ஏற்கட்டும் என்பது லண்டனின் கணக்கு.

கட்டணங்களைப் பார்ப்போம். (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) அரைத்தாள் செய்தித்தாளுக்குப் பிரதிக்கு அரை பென்னி. அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். இருபது விளம்பரம் போட்டால் அதற்கே 2 பவுண்டு போய்விடும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடை ஜோடிக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு, வழக்கறிஞர் உரிமத்துக்கு 10 பவுண்டு. ஆங்கிலம் அல்லாத மொழியில் ஆவணம் எழுதினால் இரட்டிப்பு. பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்களுக்கு இது தனி அடி.

தொகை பெரிதில்லை, பிரிட்டனில் இதைவிட அதிகம் என்று லண்டன் சொன்னதில் உண்மை உண்டு. சிக்கல் வேறு இடத்தில். வரியை ஸ்டெர்லிங் எனும் பிரிட்டிஷ் பண மதிப்பில் கட்ட வேண்டும். வெள்ளிக் காசோ அங்கே எப்போதும் தட்டுப்பாடு. விதியை மீறினால் ஜூரி இல்லாத கடற்படைசார் நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். இவை போதாதென்று, ஊரில் பேசவும் எழுதவும் தெரிந்த அச்சகத்தாரையும் வக்கீல்களையும்தான் இந்த வரி முதலில் தொட்டது. பென்சில்வேனியா ஜர்னல் 1765 அக்டோபர் 31 இதழைக் கல்லறைக்கல் வடிவில் தடித்த கறுப்புக் கட்டம் போட்டு அச்சிட்டு, முத்திரைக்கான இடத்தில் மண்டையோட்டை வைத்தது.

எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் எங்கள் பையில் எப்படிக் கை வைக்கலாம் என்பதே குடியேற்றக்காரர்களின் அடிப்படைக் கேள்வி. நியூயார்க்கில் அக்டோபரில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடி அதை மனுவாக எழுதினார்கள். தெருவில் அது வேறு மாதிரி நடந்தது. பாஸ்டனில் முத்திரை விற்பனையாளர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டார்கள். அவர் பதவியை விட்டார். மற்ற ஊர் விற்பனையாளர்களும் வரிசையாக விலகினார்கள். தாள் கப்பலில் வந்து சேர்ந்தது, விற்கத்தான் ஆள் இல்லை. ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்சம் விற்றது. வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணிக்க, லண்டன் வியாபாரிகளே சட்டத்தை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 1766 மார்ச் 18-ல் ரத்து.

இங்கேதான் பெரிய தவறு நடந்தது. அதே நாளில், குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. அதன்படி 1767-ல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி வந்தது. எதிர்ப்பு கிளம்ப, 1770-ல் மற்றதை நீக்கிவிட்டு, தேயிலைக்குப் பவுண்டு எடைக்கு 3 பென்னியை மட்டும் விட்டுவைத்தார்கள். வருமானத்துக்காக அல்ல, உரிமையைக் காட்ட.

1773 தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் (நம் சென்னைக் கோட்டையிலிருந்து ஆண்ட அதே கம்பெனிதான்) சீனத் தேயிலையை மலிவாக்கியது. மலிவாகக் குடித்தால் வரியை ஒப்புக்கொண்டதாகும் என்றே பாஸ்டன்காரர்கள் கணக்குப் போட்டார்கள். டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசினார்கள். இழப்பீடு தரும்வரை பாஸ்டன் துறைமுகத்தையே லண்டன் மூடியது. பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சுயாட்சியையும் வெட்டியது. மற்றக் குடியேற்றங்கள் இதைத் தங்கள் தலைக்கும் வரப்போகும் கத்தியாகப் பார்த்தன. 1775 ஏப்ரல் 19-ல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம்.

1778-ல், குடியேற்றங்களிடம் வருமானத்துக்காக இனி வரி போடமாட்டோம் என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அதற்குள் அமெரிக்கர்கள் பிரான்சுடன் ஒப்பந்தம் போட்டு முடித்திருந்தார்கள்.