இயக்குநராகச் சம்மதக் கடிதம் தருமுன்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறுவனச் செயலராகத் தொழில் செய்யும் என்னிடம் ஒரே வகைச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடிட்டராகவோ வரி ஆலோசகராகவோ நல்ல பெயர் எடுத்தவர்கள், நெடுநாள் பழகிய வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகவே அவருடைய நிறுவனத்தில் இயக்குநராகச் சேர்ந்துவிட்டு, பிறகு ஒரு நோட்டீஸோடு வந்து நிற்கிறார்கள். சென்ற மாதம் வந்தவரும், "நான் பெயருக்குத்தான் இருந்தேன் சார்" என்றார்.

பெயருக்கு இயக்குநர் என்று ஒரு பதவி நிறுவனங்கள் சட்டம் 2013-இல் இல்லை. அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநருக்கும், நிறுவனத்தோடும் உரிமையாளரோடும் பணத் தொடர்பு இல்லாத சுயேச்சை இயக்குநருக்கும் 149(12) பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் இயக்குநர் குழு நடைமுறை வழியாக அவர் அறிந்து, சம்மதித்தோ உடந்தையாக இருந்தோ நடந்த தவறுக்கும், அவர் உரிய கவனத்தோடு நடந்துகொள்ளாத இடத்திலும் அந்தப் பாதுகாப்பு நிற்காது. கவனிக்கவில்லை என்று சொல்வது தப்பிக்கும் வழியன்று, அதுவே குற்றச்சாட்டு! வந்தவருடைய கோப்பைப் புரட்டினேன். உரிமையாளரின் தம்பி நடத்தும் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் தீர்மானம் நிகழ்ச்சிநிரலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் வரைவு 15 நாளுக்குள் மின்னஞ்சலில் வந்திருந்தது. கருத்துச் சொல்ல 7 நாள் அவகாசமும் இருந்தது. அந்த மின்னஞ்சலை அவர் திறக்கவே இல்லை. எதிர்ப்புத் தெரிவித்ததற்கான ஒரு வரிகூட எங்கும் இல்லை. ஆலோசகர், தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இயக்குநரோ யாரும் எழுப்பாத கேள்வியையும் எழுப்பியாக வேண்டும்.

இதற்கு முன்பே பார்க்க வேண்டியது தகுதி. அந்த நிறுவனத்தின் தணிக்கை நிறுவனத்தில் முந்தைய 3 நிதியாண்டுகளில் எதிலாவது பார்ட்னராக இருந்தவர் அங்கே சுயேச்சை இயக்குநராக முடியாது. அவருடைய ஆலோசனை நிறுவனத்தின் மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ அந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்திருந்தாலும் அதே தடைதான். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குச் சுயேச்சை இயக்குநர் வேண்டும் என்று சட்டம் கேட்பதே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தை விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்பவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். 10 ஆண்டு தொழில் செய்த ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் சுயேச்சை இயக்குநர்களைப் பதிவுசெய்யும் தரவு வங்கியின் தேர்விலிருந்து விலக்கு உண்டு, படிப்பதிலிருந்து விலக்கில்லை.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் கடந்த 3 ஆண்டுகளின் நிதி அறிக்கைகளும் ஆண்டு விவர அறிக்கைத் (ஆனுவல் ரிட்டர்ன்) தாக்கல்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர் 5 ஆண்டுகளுக்குத் தகுதியிழக்கிறார், 2017-இல் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் தகுதியிழந்தோர் பட்டியலில் ஏறினார்கள். கூட்ட ஆவணங்களை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். மறுப்பு இருந்தால் அதைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். விலகுவதென்றால் கடிதத்தை உரிமையாளரிடம் கொடுத்ததோடு நிறுத்தாமல், 30 நாளுக்குள் விலகலைத் தெரிவிக்கும் டிஐஆர்-11 படிவத்தை நீங்களே நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுங்கள். பதவியில் இருந்த காலத்தில் நடந்த தவறுகளுக்கு, விலகிய பிறகும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் காலத்துக் கூட்ட ஆவணங்களின் நகல்களைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.