அமெரிக்கப் பள்ளிகளில் இனம், மதம், பூர்வீகம்: சட்டம் யாரை, எந்த வழியில் காக்கிறது?

பள்ளியில் இன வேறுபாடு காட்டக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தில் மதம் என்ற சொல்லே இல்லை என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியான 'டைட்டில் சிக்ஸ்', மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகிய மூன்றின் பேரில் எவரையும் விலக்கவோ, அவருக்குரிய பயனை மறுக்கவோ, பாகுபாட்டுக்கு உள்ளாக்கவோ கூடாது என்கிறது. அதே சட்டத்தில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும் ஏழாம் பகுதியில் மதமும் பாலினமும் உண்டு; ஆறாம் பகுதியில் இரண்டும் இல்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் 'டைட்டில் நைன்' வந்தது. மதத்துக்கென அப்படியொரு தனிப் பகுதி இன்றுவரை வரவில்லை. இதனால், ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது இனத்தின் பேரிலா மதத்தின் பேரிலா என்பதைப் பொறுத்தே எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பது முடிவாகிறது.

டைட்டில் சிக்ஸின் பலம் பணத்தில் இருக்கிறது. மாணவர்களை இனம் பிரித்துத் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்த பிறகும் தென் மாநிலங்கள் பத்தாண்டுகள் காலம் கடத்தின. 1965இல் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் வழியாகப் பெருந்தொகை வரத் தொடங்கி, பாகுபாடு காட்டினால் அது நின்றுபோகும் என்ற நிலை வந்த பிறகுதான் அவை அசைந்தன. பள்ளிச் செலவில் பெரும்பகுதியை மாநிலமும் உள்ளூர்ச் சொத்து வரியுமே தாங்குகின்றன என்றாலும், மத்திய அரசின் பங்கு ஒரு டாலர் வந்தாலும் இந்த நிபந்தனை கூடவே வந்துவிடும். ஆகவே அரசுப் பள்ளிகள் அனைத்தும், மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. அந்த நிதியைத் தொடாத தனியார் பள்ளியை டைட்டில் சிக்ஸ் எட்டாது. அங்கும் இனத்தின் பேரில் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறொரு பழைய சட்டத்தை, 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தை, வைத்துத்தான்.

மதத்தின் கதை சற்றுச் சிக்கலானது. நெற்றியில் திருநீறு பூசிவரும் சிறுவனை வகுப்பில் சிலர் நாள்தோறும் கேலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் வழிபாட்டையும் நம்பிக்கையையும் மட்டும் இழித்தால் அது மதம். உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்றும் சேர்த்துச் சொன்னால் அது பூர்வீகம். நடைமுறையில் கேலி செய்பவர்கள் இப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. 1987இல் ஒரே நாளில் வந்த இரு தீர்ப்புகளில், மேற்சொன்ன 1866ஆம் ஆண்டுச் சட்டத்தில் இனம் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பொதுவான மரபுவழியையும் அதையொட்டிய இனப் பண்புகளையும் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கி, ஒரு வழக்கில் அரபு வழிவந்த கல்லூரிப் பேராசிரியருக்கும் மற்றொன்றில் மேரிலாந்தின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றுக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்றது. அந்த விளக்கத்தை ஒட்டி, கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் 2004இலும் 2010இலும் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதியது: ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் மட்டும் டைட்டில் சிக்ஸின் பாதுகாப்பு போய்விடாது, யூதர், சீக்கியர், முஸ்லிம் போன்றோர் தம் மரபுவழியின் அல்லது பூர்வீகத்தின் பேரில் தாக்கப்பட்டால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். இந்து மாணவர்களுக்கும் இதே அளவுகோல்தான். எனவே முறையிடும்போது 'மதத்தைக் கேலி செய்தார்கள்' என்று ஒற்றை வரியில் முடிப்பதைவிட, எந்தச் சொல்லைச் சொன்னார்கள், நிறம், உச்சரிப்பு, பெயர், நாடு ஆகியவற்றையும் இழுத்தார்களா என்பதை அப்படியே எழுதுவது மிக முக்கியம். மதம் மட்டுமே காரணமென்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை: அதே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பகுதியில் மதம் என்ற சொல் இருக்கிறது, அரசுப் பள்ளிகளையும் அரசுக் கல்லூரிகளையும் பொறுத்தவரை, அதைச் செயல்படுத்தும் பொறுப்பு கல்வித் துறைக்கு அன்றி, மத்திய அரசின் நீதித் துறைக்கு (நீதிமன்றம் அல்ல, அமைச்சகம் போன்றது) உரியது.

மத வழிபாட்டைப் பள்ளியே நடத்துவதும், மாணவர் தம் விருப்பப்படி வழிபடுவதும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இருவேறு விஷயங்கள். 1962, 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின்படி அரசுப் பள்ளி தன் பெயரில் இறைவணக்கம் சொல்லவைக்கவோ பைபிள் வாசிக்கவைக்கவோ கூடாது. அதற்காகப் பள்ளியில் மதத்தைப் பற்றிப் பேசவே தடை என்று எண்ணுவது தவறு. மதங்களின் வரலாற்றையும் கருத்துகளையும் நடுநிலையோடு கற்பிக்கலாம் என்று அந்த 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்கிறது. மதிய உணவு இடைவேளையில் ஒரு மாணவி தொழுவதையோ கண்மூடி மந்திரம் சொல்வதையோ பள்ளி தடுக்க முடியாது. உயர்நிலைப் பள்ளியில் சதுரங்க மன்றம் போன்ற, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மன்றத்துக்கேனும் இடமளித்திருந்தால், மாணவர்கள் தாமே தொடங்கும் மத மன்றத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சம அணுகல் சட்டம். கொடிக்கு வணக்கம் சொல்லும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது 1943 முதலே சட்டம். பெற்றோரின் மத நம்பிக்கைக்கு முரணான பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை நெடுங்காலம் குறுகலாகவே புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. 2025 ஜூனில் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி பற்றிய வழக்கில், ஒருபாலினத்தவர், திருநர் வாழ்க்கையைச் சித்திரிக்கும் கதைப்புத்தகங்கள் வாசிக்கப்படும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பக் கோரிய பெற்றோருக்குச் சார்பாக உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இடைக்கால ஆணைக்கு வழிவிட்டது. அந்த உரிமை இனி எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் கீழ் நீதிமன்றங்கள்தாம் வரைய வேண்டும். மத விடுமுறைக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூ ஜெர்சியில் மாநிலக் கல்வி வாரியம் வெளியிடும் பட்டியலில் உள்ள மத நாளில் பெற்றோரின் கடிதத்தோடு வராமல் இருந்த பிள்ளைக்குத் தண்டனை கிடையாது, தவறவிட்ட தேர்வை மீண்டும் எழுதலாம். மரக்கறி உணவு கேட்டால் பல பள்ளிகள் தருகின்றன. உடல்நலக் குறைபாட்டுக்காக உணவை மாற்றித் தருவதுபோல மதத்துக்காகவும் தந்தாக வேண்டும் என்ற மத்திய விதி இல்லை.

சேர்க்கைப் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதம், சாதி என்ற கட்டங்களைப் பார்த்தே பழகிய நமக்கு அங்குள்ள படிவத்தில் அவை இரண்டும் இல்லாதது நிம்மதியாகவும், இனம் என்ற கட்டம் இருப்பது குழப்பமாகவும் தோன்றும். 2010-11 கல்வியாண்டு முதல் கேள்வி இரண்டாக வருகிறது: முதலில் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின்) பூர்வீகம் உண்டா இல்லையா, அடுத்து ஐந்து இனங்களில் ஒன்றோ பலவோ. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் 'ஆசியர்' என்ற கட்டத்துக்குள் வருவர். இது இயற்கையாக அமைந்த வகைப்பாடு அல்ல. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் ஒரு சீக்கியரின் வழக்கில் முடிவுசெய்தது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ இந்தியர்கள் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். 1980இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற தனி வரி வந்தது. கட்டத்தை நிரப்பாமல் விடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விடலாம், ஆனால் பள்ளிக் கல்வி நிலையில் பெற்றோர் பதில் தராவிட்டால், பள்ளி ஊழியர் பிள்ளையைப் பார்த்துத் தாமே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பிள்ளையின் தோற்றத்தைக் கொண்டு இன்னொருவர் முடிவுசெய்வதைவிட நாமே குறித்துவிடுவது மேல் என்பது என் கருத்து. கலப்பு மணம் புரிந்த குடும்பங்கள் இரண்டு கட்டங்களைக் குறித்தால், மத்திய அறிக்கையில் அப்பிள்ளை 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்' என்ற தலைப்பில் சேரும். ஹிஸ்பானிக் என்றும் குறித்திருந்தால் மற்றவை மறைந்து அது ஒன்றே நிற்கும். இனத் தகவல் திரட்டுவதற்கென மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட புதிய தரம், இரு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்கர் என்ற வகையைச் சேர்த்திருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்கள் அதற்கு மாற 2029 மார்ச் 28 வரை காலம் தரப்பட்டது.

இந்தக் கட்டம் கல்லூரிச் சேர்க்கையில் முன்போல எடைபோடப்படுவதில்லை. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களைப் பற்றிய வழக்கில், இனத்தையே ஒரு கூறாக வைத்து மாணவரைத் தேர்ந்தெடுப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனமான ஹார்வர்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தியது டைட்டில் சிக்ஸின் வழியாகத்தான். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால், அதில் வெளிப்படும் துணிவையும் திறனையும் அந்தத் தனி மாணவருக்கு உரியதாகக் கருதுவதற்கு மட்டும் தடையில்லை.

சாதி இந்தச் சட்டத்தில் எங்கே நிற்கிறது? டைட்டில் சிக்ஸில் அந்தச் சொல் இல்லை. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது. 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் சேர்த்தது. சியாட்டில் நகராட்சி 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் நகரச் சட்டத்தையே இயற்றியது. கலிஃபோர்னியாச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய, சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவை ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் நிராகரித்தார். நடப்புச் சட்டங்களிலேயே அந்தப் பாதுகாப்பு இருப்பதால் புதிதாகத் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் இது இந்துக்களை மட்டும் குறிவைக்கும் என்றார்கள். ஆதரித்தவர்கள், சொல் இல்லாத இடத்தில் முறையீடு நிற்பதில்லை என்றார்கள். தமிழர்கள் பலருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக இருப்பதால் ஆசிரியருக்கும் சக மாணவருக்கும் பெயரிலிருந்து சாதி தெரியாது. எந்த ஊர், எந்தத் தெரு, எது குலதெய்வம் என்ற விசாரிப்புகளில் அது நம்மவர்களுக்குள் வெளிப்பட்டுவிடுவதை வாசகர் அறிவர். அந்த விசாரிப்பு வளாகத்தில் விலக்கலாக மாறினால், 'மரபுவழி' என்ற சொல்லைப் பிடித்தே இப்போதைக்கு முறையிட வேண்டியிருக்கும், விதியில் சாதியைச் சேர்த்துக்கொண்ட நிறுவனங்கள் நீங்கலாக.

இனி முறையிடும் வழி. முதலில் பள்ளி முதல்வருக்கும், அப்பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நேரில் பேசிவிட்டு வருவது நம் வழக்கம். ஆனால் பள்ளிக்குத் தெரிந்தும் அது பாராமுகமாக இருந்தது என்பதே பின்னாளில் வழக்கின் உயிர்நாடி என்பதால், தெரிவித்ததற்கான தேதியிட்ட மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். நியூயார்க்கின் பைன் பிளெய்ன்ஸ் பள்ளி மாவட்டத்தில் ஒரு மாணவர் மூன்றாண்டுக்கும் மேலாக இனச் சீண்டலுக்கு ஆளானபோது, மாவட்டம் தண்டனை கொடுத்தும் அது போதாது என்று தெரிந்த பிறகும் வேறு வழி தேடவில்லை என்பதால், பத்து லட்சம் டாலர் இழப்பீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. மன வேதனைக்காக இழப்பீடு பெறுவதை இவ்வகைச் சட்டங்களின்கீழ் 2022இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டதால், இன்று அத்தகைய தொகையை எதிர்பார்க்க இயலாது.

கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்துக்கு முறையிடக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. கடைசியாக நடந்த பாகுபாட்டுச் செயலிலிருந்து 180 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். விடுமுறை நாட்களும் இதில் அடக்கம். அக்டோபர் 10இல் நடந்ததற்கு ஏப்ரல் 8 வாக்கில் கெடு முடிந்துவிடும். கல்வியாண்டு முடியட்டும் என்று ஜூன் வரை பொறுத்திருப்பவர்கள் இழப்பது இங்கேதான். பள்ளியின் உள் விசாரணை நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த 60 நாட்களுக்குள் கொடுத்து, கால விலக்குக் கேட்கலாம். முறையிட்டதற்காகப் பள்ளி பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். அலுவலகம் பெரும்பாலும் பள்ளியோடு ஓர் உடன்படிக்கை செய்து விதிகளைத் திருத்தவைக்கும். பணம் வாங்கித் தராது. அதன் 12 வட்டார அலுவலகங்களில் 7ஐ மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, மாநில மனித உரிமை ஆணையத்திடமும் சேர்த்தே முறையிடுவது நல்லது. மாநிலச் சட்டங்கள் பலவற்றில் மதம் என்ற சொல்லும் வெளிப்படையாகவே இருக்கிறது.

ஆங்கிலம் சரளமாக வராத தாயோ பாட்டியோ இந்தக் கடிதங்களை எழுதத் தயங்குவார்கள். 1974இல், சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர்களைப் பற்றிய வழக்கில், மொழி புரியாத பிள்ளையை வெறுமனே வகுப்பில் உட்காரவைப்பதும் டைட்டில் சிக்ஸின்படி தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த 1970ஆம் ஆண்டு மத்திய அரசுச் சுற்றறிக்கை, மற்ற பெற்றோருக்குத் தெரிவிக்கும் செய்திகளை இவர்களுக்கும் புரியும்படி, தேவையானால் ஆங்கிலம் அல்லாத மொழியில், தெரிவிக்கும் பொறுப்பைப் பள்ளி மாவட்டத்தின் மேல் வைத்தது. ஆகவே பள்ளியுடனான சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம்; கேட்ட கடிதத்தின் நகலையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.